கச்சான் பக்கம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குளத்தை நினைத்துவிட வேண்டாம். இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். இடுப்பளவு ஆழம், சீமெந்துச் சுவர், உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் மீன்கள். மாமனார் ஒருமுறை வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாவியில் வலை வீசியே பிள்ளைகளை வளர்த்த மனிதர். குழம்பு வைக்க முடியாத மீனுக்கு இவ்வளவு தீன் எதற்கு என்று கேட்டுவிட்டு உள்ளே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அதை நான் வெட்டியதற்குக் காரணம் அவருடைய மகள்தான். அவள் பெரியகல்லாற்றில், கதவைத் திறந்தால் வாவி தெரிகிற வீட்டில் பிறந்தவள். என் வீடு ஆரையம்பதியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் வீட்டில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் மதில்தான். கல்யாணம் முடித்து வந்த முதல் கிழமை வளவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "ரெண்டு பக்கமும் தண்ணி கிடக்கிற ஊருல, ஒரு சொட்டுத் தண்ணி தெரியாத வீடாப் பாத்துக் கட்டி வச்சிருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கு சில வருடங்கள் உள்ளேயே கிடந்து, ஒரு நாள் மண்வெட்டியை எடுக்க வைத்தது.

வெட்டினேனே தவிர, தண்ணீரை ஊற்றினால் குளமாகிவிடும் என்று நினைத்த ஆள் நான். பக்கத்து வளவு வேம்பும் முருங்கையும் எங்கள் குளத்தைத் தங்கள் குப்பைத் தொட்டி என்றே முடிவு கட்டிவிட்டன. மேலே இலை மிதந்தது, கீழே அது அழுகிப் படிந்தது, நடுவில் மீன்கள் திண்டாடின. இந்த வருடம் சித்திரை மழையோடு நுளம்பும் சேர்ந்துகொண்டது. எங்கள் தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று கேள்விப்பட்ட மறுநாளே பி.எச்.ஐ. வந்துவிட்டார். சுகாதாரப் பரிசோதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. வெள்ளை அகப்பை ஒன்றால் மூலையில் இலைப்படைக்குக் கீழே அள்ளிக் காட்டினார். குட்டிப் புழுக்களாக நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. மீன் அந்த இலைக்குள் புகுந்து தின்னாதாம். தண்ணீர் ஓட வேண்டும், மேலே இலை தங்கக் கூடாது. அப்படிச் செய்தால் குளம் இருக்கலாம், இல்லாவிட்டால் மண் போட்டு மூட வேண்டும் என்றார். அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாளான குளிர்த்திக்குப் பிறகு திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

வழக்கமாக எதற்கும் வாயடிக்கிற என் மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் மீனுக்குத் தீன் போட்டுவிட்டுக் குளக்கட்டிலேயே இருந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறியிருப்பேன். அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன ஆனாலும் இந்தக் குளத்தை மூட விடுவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வைகாசி பிறந்து அவளுடைய ஊரில் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்தது. குளிர்த்தி வரைக்கும் அவள் அங்கேதான். அவள் பஸ் ஏறியதும், நகரத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனை, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியனை, கூப்பிட்டேன். எதையும் தட்டி, வளைத்து, ஒட்டிவிடுவான். ஒட்டும்போது வாயும் ஓயாது. இருவரும் போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, உலகத்தில் எல்லாக் குளத்தையும் நாங்களே கட்டியதுபோல் பேசத் தொடங்கினோம்.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, குளத்தின் அடியில் ஒரு வடிகால். மீன்களைப் பெரிய நீலப் பிளாஸ்டிக் பரலுக்கு மாற்றிவிட்டு, தண்ணீரை இறைத்து, நடு அடியைக் கொத்திக் குழாய் பதித்து, வெளியே தோண்டிய ஒரு கிடங்குக்குக் கொண்டுபோனோம். வால்வைத் திறந்தால் அடியில் படிந்த ஊத்தை கிடங்குக்கு வரும். பம்ப் அதை இழுத்து வாழைக்கு அனுப்பும். இது முதல் தடவையே வேலை செய்தது. கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று வந்து விழுந்தபோது நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். வாழைகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு.

மற்றது ஸ்கிம்மர். குளத்தின் தண்ணீர் மட்டத்தில் சுவரை வாய்போல வெட்டி, அதன் பின்னால் ஒரு பெட்டியை வைப்பது. பம்ப் பெட்டியிலிருந்து தண்ணீரை இழுக்க, மேல்தண்ணீர் இலையோடு சேர்ந்து உள்ளே வரும். பெட்டிக்குள் இருக்கும் கூடை இலையைப் பிடித்துக்கொள்ளும். பாலில் ஆடை எடுக்கிற மாதிரி என்று மனைவிக்குப் போனில் விளக்கினேன். அன்றிலிருந்து அவளுக்கு அது ஆடைப் பெட்டி. எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். அந்தப் பக்கம் மேளமும் குரவையும். அதற்குள்ளே அவள் சத்தமாகச் சொன்னாள்.

"எங்கயும் வையுங்க, கச்சான் பக்கம் மட்டும் வச்சிராதீங்க. மறுகா குப்பை எல்லாம் அப்பிடியேதான் கிடக்கும்."

எங்கள் கிழக்கு மதிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை இருக்கிறது. பின்னேரமானால் ஒருவர் அங்கே வண்டிலை நிறுத்திக் கச்சான் வறுப்பார். கச்சான் என்பது நிலக்கடலை. அந்த வேலை நடந்த நாளெல்லாம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காகிதச் சரை வாங்கிக் கொறித்துக்கொண்டேதான் சீமெந்து குழைத்தோம். ஆகவே விஷயம் உடனே விளங்கிவிட்டது. கச்சான் தோல் மதிலைத் தாண்டிப் பறந்து வந்து பெட்டியின் வாயை அடைத்துவிடும், அதைத்தான் சொல்கிறாள். எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறாள் என்று நண்பனிடம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவனும் தலையாட்டினான். கிழக்கிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி, மேற்குச் சுவரை வெட்டிப் பெட்டியைப் பதித்தோம்.

அந்தக் கிழமை காற்றே இல்லை. பம்பைப் போட்டதும் தண்ணீர் மெதுவாகப் பெட்டிப் பக்கம் நகர்ந்தது. நாங்கள் போட்டுப் பார்த்த இலைகள் வரிசையாக வந்து கூடைக்குள் விழுந்தன. மீன்களைத் திரும்ப விட்டோம். சீமெந்து இறுகியது. நண்பன் தன் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் பெட்டியோரச் சீமெந்தில் கீறிவிட்டுப் போனான்.

குளிர்த்திக்கு முதல் நாள் காற்று எடுத்தது. சும்மா காற்றில்லை, முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போகிற காற்று. வேம்பும் முருங்கையும் குளம் முழுக்க இலையைக் கொட்டின. கொட்டட்டும், அதற்குத்தானே பெட்டி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இலையெல்லாம் ஒன்றுசேர்ந்து, பெட்டிக்கு முதுகைக் காட்டி, நேரே கிழக்குச் சுவரில் போய் ஒதுங்கின. மேற்கே என் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு சுத்தமான தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடியால் இலையைத் தள்ளித் தள்ளிப் பெட்டியடிக்குக் கொண்டுவந்தேன். வாசல்வரை வந்தவை திரும்பிப் போய்விட்டன. தடியைத் தூக்கி எறிந்தேன். அது மதிலுக்கு அப்பால் விழுந்தது. நல்லவேளை, கச்சான்காரர் இன்னும் வந்திருக்கவில்லை.

மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"பெட்டிய எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

"நீ சொன்ன மாதிரித்தான். கச்சான் பக்கம் வைக்கல்ல."

"அப்ப அடிக்கிற காத்துக்கு என்ன பேர்?"

அப்போதுதான் எனக்குத் தலையில் குட்டு விழுந்தது. வைகாசியில் மேற்கிலிருந்து வறட்டு வறட்டென்று அடிக்கிற காற்றுக்கு எங்கள் பக்கத்தில் பெயர் கச்சான். வாவிக்கரையில் பிறந்தவளுக்குக் கச்சான் பக்கம் என்றால் மேற்கு. காற்று வரும் பக்கத்தில் பெட்டி வைத்தால் இலை எதிர்ப்பக்கம் போகும் என்பதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே காற்றைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாய்க்குள் கடலை இருக்கும்போது காற்றின் நினைவு எப்படி வரும்? நான் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவளுடைய அக்காமார், மச்சாள்மார் எல்லாரும் போனைச் சுற்றி வந்துவிட்டார்கள். பெரியகல்லாற்றில் இன்றைக்கும் என்னைக் கண்டால் கச்சான் வேணுமா என்று கேட்கிறார்கள்.

சடங்கு முடிந்தால் ஆறுதலாக நின்று உறவினர் வீடெல்லாம் போய்விட்டுத்தான் வருவாள். இந்த முறை குளிர்த்தி முடிந்த விடியலில், முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வைத்துவிட்டு நேரே குளத்துக்குள் இறங்கி, சுவரில் கையால் தட்டி, "இதுல வெட்டுங்க" என்றாள். கிழக்குச் சுவரில், இலைகள் ஒதுங்கிக் கிடந்த அதே மூலை.

நண்பனும் வந்து சேர்ந்தான். மேற்குச் சுவரில் பதித்ததைப் பெயர்த்து எடுக்கும்போது தான் கீறிய எழுத்தும் உடைந்து போனதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். அந்த வாயை அடைத்தோம், கிழக்கே புதுவாய் வெட்டினோம், குளத்தைச் சுற்றிக் குழாயைக் கொண்டுவந்து பெட்டியோடு சேர்த்தோம். மனைவி மீன்களுக்குக் கலங்கல் படாமல் சாக்கு கட்டி மறைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் சிரிக்கவும் விடாமல் ஓயவும் விடாமல் வேலை வாங்கினாள். எந்த நேரமும் பி.எச்.ஐ. வந்துவிடுவாரென்று எனக்கு வாசலிலேயே காது.

மறுநாள் பகல் வந்தார். சீமெந்தின் ஈரம் காயவில்லை. கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இலைகள் மேற்கிலிருந்து புறப்பட்டு, குளத்தைக் கடந்து, ஒன்றின் பின் ஒன்றாகப் பெட்டிக்குள் போயின. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வெள்ளை அகப்பையால் நாலு மூலையிலும் அள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு தரம் அவர் அள்ளும்போதும் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்காது. நாலாவது மூலையிலும் வெறும் தண்ணீர்தான் வந்தது.

மூடத் தேவையில்லை, இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அகப்பையைத் துடைத்துக்கொண்டே, வீட்டில் மீன் ஆசை யாருக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்.

"மீன் ஆசை ஒருத்தருக்கும் இல்ல ஐயா. நான் தண்ணியப் பாத்து வளந்த ஆள். அதுக்காக இவர் வெட்டித் தந்தது."

யார் கேட்டாலும் இந்த மனிசனுக்குக் கிடங்கு வெட்டுகிற விசர் பிடித்திருக்கிறது என்றுதான் அதுவரை சொல்லி வந்தாள். ஏன் வெட்டினேன் என்று நானும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாதென்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பி.எச்.ஐ. பார்த்துவிடக் கூடாதென்று சட்டெனக் குனிந்து பெட்டிக்குள் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு வாழைப் பக்கம் நடந்தேன்.

"இப்பதானே அதக் கொட்டினன், அதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

கூடையில் இரண்டு வேப்பிலை கிடந்தது. அதை மெதுவாகக் கொட்டிவிட்டு வந்தேன்.