பொறுத்துப் பார்த்தவள்

அவள் புருஷனுக்குத் தெருவில் 'தங்கம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது இல்லை, தெருவே கொடுத்த பட்டம். மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்பவர்களின் பையை வாங்கிச் சுமப்பான். எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பான். 'தங்கமான மனுஷன்' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறும் தங்கமாக நின்றுவிட்டது. வீட்டுக்குள் அந்தத் தங்கம் பெல்ட்டைக் கழற்றும். பெல்ட் அகப்படாத நாளில் கைக்கு எது அகப்படுகிறதோ அது. முகத்தில் மட்டும் அடிக்க மாட்டான். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்ற நாகரிகம் அவனுக்கு உண்டு.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஓட்டல் விரிப்புகள், நர்ஸ்களின் உடுப்பு, கல்யாண மாப்பிள்ளைகளின் கோட்டு, எல்லாம் அவள் கையில்தான் நிமிரும். வெயில் கொளுத்துகிற மாதத்திலும், நீராவி பொங்குகிற அந்த அறையில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்பாள். பின்கழுத்து ஒரு நாள் கன்றியிருந்ததைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். "நீராவி அடிச்சிருச்சுங்க" என்றாள். எந்த ஊர் நீராவி பிடரியில் வந்து அடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு மறுநாள் மாப்பிள்ளைக் கோட்டு போய்ச் சேர வேண்டியிருந்தது.

சொல்லாமல் இருந்தாள் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேச முடியாது. அம்மாவிடம் சொன்னாள். "பொறுமையா இருடி, ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிடும்" என்றாள் அம்மா. பெண் பிறந்தது. மாமியாரிடம் சொன்னாள். "பொண்ணு தலைக்கு மேல வளந்துட்டா அவனே அடங்கிடுவான், பொறுத்துக்கோ" என்றாள் மாமியார். பெண்ணும் வளர்ந்தது. ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்கே போனாள். "குடும்பம்னா நாலும் இருக்கும்மா. பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன கையோடு தங்கத்துக்கே போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தங்கமும் வந்தான், சிரித்தான், இன்ஸ்பெக்டரிடம் சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டுக் கூட்டிப் போனான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். அவளை நகரவிடாமல் இருக்கத்தான் எத்தனை பேர் கூடிப் பிடித்துக்கொண்டார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பதினைந்து வயசுப் பெண் வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூட டீச்சரிடம் சொல்லிவிட்டாள் என்று தங்கத்துக்குத் தெரிந்துபோயிற்று. அதுவரை பெண்ணின் மேல் கை வைத்ததில்லை. அன்றைக்கு வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தான். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "தூங்கி எந்திரிச்சு வரேன். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். குறட்டை கேட்டது. பெண் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கதவின் தாழ்ப்பாளை அவன் என்றைக்கோ உடைத்திருந்தான்.

அவள் பெண்ணின் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் தலையில் ஓங்கிப் போட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, கீழ்வீட்டில் போன் கேட்டு வாங்கிப் போலீசுக்கு அவளே சொன்னாள்.

வக்கீல் அம்மா சின்ன வயசுக்காரி, நல்ல மாதிரி. ஜெயிலுக்கு வந்து விளக்கினாள். "திடீர்னு ஆத்திரம் வந்து அடிச்சிருந்தா சின்னக் குத்தம், கொஞ்ச வருஷத்துல வெளிய வந்துடலாம்க்கா. சமயம் பாத்து அடிச்சதுன்னு ஆச்சுன்னா கொலை. ஆயுள்."

"உயிருக்குப் பயந்துதானேம்மா செஞ்சேன்?"

"அவர் தூங்கிட்டு இருந்தாரேக்கா. தற்காப்புக்கு, ஆபத்து அந்த நிமிஷமே இருக்கணும்."

"முழிச்சிருக்கும்போது அவரை யாரும்மா அடிக்க முடியும்?"

வக்கீல் அம்மா கையிலிருந்த கட்டை மூடினாள். சட்டத்துக்குத் தெரிந்த ஆத்திரம் ஒன்றே ஒன்று, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் பரிமாறுகிற ஆத்திரம். அதே கோர்ட்டில் அதற்கு முந்தின மாதம் ஒரு காண்டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எதிரில் பெண்டாட்டி எதிர்த்துப் பேசினாளாம், கழுத்தை நெரித்துவிட்டார். பாவம், திடீர் ஆத்திரம்! சின்னக் குற்றம்தான். பெண்டாட்டியின் ஒரே ஒரு வாக்கியம் அந்த மீசையைச் சுட்டது சட்டத்துக்குப் புரிந்தது. பதினாறு வருஷத்துப் பெல்ட்டு மட்டும் ஆறிப்போன பண்டமாகிவிட்டது.

அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் போய் வெகு நாள் ஆகியிருந்தது. பயமெல்லாம் பெண்ணைப் பற்றித்தான். பெண் இப்போதைக்குச் சித்தி வீட்டில் இருந்தாள். ஆயுள் என்று ஆகிவிட்டால் தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று தங்கத்தின் அண்ணன் மனுப் போட்டிருந்தார். அவரும் அதே உலையில் உருக்கிய தங்கம்தான். அவர் பெண்டாட்டியும் கோடைக்காலத்தில் முழுக்கைதான் போடுவாள்.

கூண்டில் நின்றவளை அரசு வக்கீல் கேட்டார். "இவ்வளவு வருஷமா அடிச்சார்ங்கறே. நீ என்னம்மா செஞ்சே?"

"பொறுத்துப் பொறுத்துப் பாத்தேங்க."

அவர் கண் மின்னியது. "ஓகோ. பொறுத்திருந்தே?"

"ஆமாங்க."

"பொறுத்திருந்து பாத்தே?"

"ஆமாங்க." இல்லை என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று பதினாறு வருஷம் படித்தவள் வேறென்ன சொல்வாள்?

நீதிபதி அதைத் திருத்தமான தமிழில் எழுதச் சொன்னார்: 'தக்க சமயத்துக்காகப் பொறுத்திருந்து, பார்த்துச் செய்ததைக் குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்கிறார்.' வக்கீல் அம்மா பதறி எழுந்தாள். "ஐயா, தாங்கிக்கிட்டேன்னு சொல்றாங்கய்யா! காத்துக்கிட்டிருந்தேன்னு அர்த்தமில்ல!" நீதிபதி கையமர்த்தினார். தமிழ் தனக்கும் தெரியும் என்றார். தாய்ப்பால் குடித்த வாய்தான் அவருக்கும். பொறு, பொறு என்று ஊரே சேர்ந்து அவள் வாயில் ஊட்டிய சொல்லை, அவள் திருப்பிச் சொன்னதும் அவள் கழுத்திலேயே மாட்டினார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

தீர்ப்பில் கொலை என்றார்கள், ஆயுள் என்றார்கள். போகிற போக்கில், அந்தப் பெண்மணி இன்னும் சற்றுப் பொறுமை காத்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்று ஒரு வருத்தமும் தெரிவித்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் பெண் போலீஸ் அவளை நடத்திக்கொண்டு வந்தபோது, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெரியப்பா, தங்கத்தின் அண்ணன், நின்றார். பக்கத்தில் சித்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. பெண் போலீஸ் இழுக்கவில்லை.

"வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றார் பெரியப்பா, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. "உங்கம்மா மாதிரி இருக்கக்கூடாது. பொம்பளப் புள்ளைக்குப் பொறுமை வேணும்."

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"எது வரைக்கும் பெரியப்பா?"

பெரியப்பா பிடித்திருந்த கை மெல்ல விட்டது. "சித்திகிட்டயே இருக்கட்டும், படிப்பு கெடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டதும் சற்றுக் கண்ணயர்கிற பழக்கம் அவருக்கும் இருந்தது.