கடைக் கலண்டரில் நின்றவள்

டோர்ட்மண்டில் நான் அரிசி வாங்கும் தமிழ்க் கடையில் கல்லாவில் இருந்தவள் அவள். இருந்தவள் என்பது பிழை. முழு நாளும் நின்றாள், அதுவும் நுனிக்காலில். பில் போடும்போதும் குதிகால் தரையில் படாது. ஒல்லியான, நெடிய பெண். பின்சுவரில் கடையின் பழைய கலண்டர். அதில் ஓட்ட உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்பதும் அவளே. அங்கேயும் நுனிக்கால்தான்.

"அமெரிக்காவில ஓடிக்கொண்டு படிச்சனீராம். ஏன் பிள்ளை விட்டிட்டு வந்தனீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

முதலாளி தள்ளி நின்று கறிவேப்பிலை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உந்தப் படத்தாலதான் அண்ணை. விளம்பரத்தில நிண்டா கல்லூரிக்காக ஓட ஏலாதெண்டு அப்ப அங்க ஒரு விதி. ஓடாட்டி ஸ்டிப்பெண்டியம் இல்லை, படிப்புக்கு உதவிக்காசு இல்லை. காசு கட்டிப் படிக்க எங்களால ஏலாது."

"படத்துக்குக் காசு வாங்கினனீரோ?"

"இல்லை. முதலாளி மாமா ஆசையாக் கேட்டார், நிண்டன். கல்லூரியும் என்ர படத்தைப் போட்டுத்தான் ஓட்டப்போட்டிக்கு டிக்கெட் வித்தது. அது பிழையில்லையாம்." பிறகு, "மாமாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கால் நோவால விட்டிட்டு வந்ததெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஐப்பசியில் முதலாளி என் முன்னாலேயே அவளிடம் கேட்டார்: "ஓடாட்டிலும் பரவாயில்லை பிள்ளை, புதுக் கலண்டருக்கும் நீயே நில். இந்தமுறை காசும் தாறன்."

"ஓம் மாமா" என்றாள்.

விளம்பரக் காசு மாணவரைக் கெடுத்துவிடும் என்று அந்த விதியைப் போட்டவர்கள் இவளை எதிலிருந்து காப்பாற்றினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புதுக் கலண்டர் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதே உடுப்பு, அதே சிரிப்பு. இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்கின்றன.