மாதுளை என்ற பெயரில் பேசியவன்

போர் நடந்த காலத்தில் ஒவ்வொரு தளபதியின் பக்கத்திலும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தளபதி கட்டளையிட்டது, திட்டியது, தொழுதது, குறட்டை விட்டது எல்லாம் கேசட்டுகளாக அஹ்வாஸ் நகரத்துப் போர் வரலாற்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. இஷ்ரத்தின் வேலை அவற்றைக் கேட்டு எழுதுவது. அவள் எழுதியதிலிருந்து டாக்டர் மொக்தாரி புத்தகம் செய்தார். வரைபடமும் அடிக்குறிப்புமாகக் கனத்த புத்தகங்கள். ராணுவக் கல்லூரிகளில் அவை பாடமாக இருந்தன.

"நேத்து முழுக்க ஒரு தளபதியோட குறட்டையைத்தான் கேட்டேன்," என்பாள் அடுத்த மேசை தாஹிரா. "கட்டிக்கிட்டவ எப்படித்தான் பொறுத்துக்கிட்டாளோ."

இஷ்ரத் சிரித்துக்கொள்வாள். அவள் அந்த வேலைக்கு வந்ததே ஒரு குரலைத் தேடித்தான். அண்ணன் சஃப்தர் உப்பு வெளியில் ஒரு மண்கரையைக் காக்கப் போன சிறு படைக்குத் தலைவன். அஹ்வாஸ் பையன்களின் படை. ஒருவரும் திரும்பவில்லை. மண்கரை எதிரி கைக்குப் போய்விட்டதால் உடல்களும் வரவில்லை. போர் முடிந்து கைதிகளை விடுவித்தபோது அவன் மனைவி மஹீன் புகைப்படத்தோடு பேருந்துகளின் முன்னால் நின்றாள். மெலிந்த மனிதர்கள் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகும் மஹீன் காத்திருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில். சஃப்தரின் செருப்பு வாசலில் இருந்தது. மஹீன் அதைத் துடைத்து வைப்பாள். கண்ணாடிக் கடை கியூமர்ஸ் இரண்டு முறை பெண் கேட்டு ஆள் அனுப்பினான். நல்லவன், மனைவியை இழந்தவன். கணவன் காணாமல் போய் ஆண்டுகள் ஆனதால் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் மஹீனை எப்போதோ விடுவித்துவிட்டது. அவள்தான் போகவில்லை.

"உசுரோட இருக்கறவனுக்கு மேல இன்னொருத்தனக் கட்டச் சொல்றியா?" என்றாள் இஷ்ரத்திடம்.

"இல்லன்னா, அண்ணி?"

"இல்லன்னு யாராவது வந்து சொல்லட்டும்."

அந்த மண்கரையின் கேசட் ஒரு குளிர்காலத்தில் இஷ்ரத்தின் மேசைக்கு வந்தது. பின்னால் இருந்த தளபதியின் கூடாரத்தில் பதிவானது. கம்பியில்லாக் கருவியில் யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. சஃப்தரின் படைக்கு மாதுளை என்று பெயர்.

"மாதுளை பேசறேன். கரைமேல ஏறிட்டாங்க. எழுந்திரிக்க முடிஞ்சவன் எவனும் இல்ல. எங்க தலைமேலயே குண்டு போடச் சொல்லுங்க."

தளபதி தேநீர்க் குவளையைக் கீழே வைக்கும் ஓசை.

"மாதுளை, நீ சொல்றது புரியுதா உனக்கு?"

"புரியுது. சீக்கிரம்."

பிறகு தளபதி பீரங்கிப் படையிடம் சொன்னார்: "போடு."

இஷ்ரத் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். இரைச்சலில் கிழிந்திருந்த குரல். அஹ்வாஸ் பேச்சு. அண்ணன்தான்.

ஆய்வகத்தில் ஒரு முறை உண்டு. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். முதலில் கேட்டவள் தான் கேட்டதை அவளிடம் சொல்லக் கூடாது. ஆனால் தாஹிரா தேநீரோடு வந்தபோது இஷ்ரத்தின் முகம் வெளுத்திருந்தது.

"யாரு?"

"சஃப்தர்."

தாஹிரா கேசட்டைக் கேட்டாள், அழுதாள், சரி என்று கையெழுத்திட்டாள்.

டாக்டர் மொக்தாரிக்கு அந்தப் பதிவு அரிய சான்று. தன் நிலைமீதே பீரங்கிச் சூடு கேட்ட தலைவன். அவர் ஒரு முழு அத்தியாயம் எழுதினார். சஃப்தரின் பெயர் அச்சில் வந்தது. இஷ்ரத் அந்தப் பக்கத்தை மஹீனுக்கு வாசித்துக் காட்டினாள். மஹீன் முழுதும் கேட்டாள். பிறகு எழுந்து மாவை வறுத்து, இறந்தவர் பெயரில் கொடுக்கும் அல்வா கிண்டினாள். தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தாள். உடல் இல்லாத கல்லறைக்கு ஒரு கல் நட்டார்கள். மறு ஆண்டு கியூமர்ஸ் மறுபடி ஆள் அனுப்பினான்.

"நான் என்ன சொல்லட்டும்?"

"போங்க அண்ணி. அண்ணனே சொல்லிட்டாரே."

மஹீன் போனாள்.

போர் நினைவு வாரம் வந்தது. பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி கட்டி ஆய்வகத்தின் பதிவுகளைப் போடுவது வழக்கம். அவ்வருடம் மண்கரைக் கேசட்டைப் போட்டார்கள். வாரம் முடிந்ததும் ஆற்றின் அக்கரையிலிருந்து ஒரு கிழவி ஆய்வகத்துக்கு வந்தாள். பெயர் பீபி சதஃப். காவலாளி உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்.

"கேசட் கேக்கறவ யாரு இங்க?"

"நான்தான், பீபி."

"என் புள்ள பேசறான், வேற எவன் பேரையோ சொல்றீங்க. உங்களுக்குக் காது இருக்கா, பாவக்காய் இருக்கா?"

"அது என் அண்ணன் குரல், பீபி."

"என் முராத். சந்தையில வெங்காயம் வாங்கிட்டிருந்தேன். தலைக்கு மேல என் புள்ள கத்துறான். கூடை விழுந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா?"

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கேட்டது உனக்கு வேண்டியிருந்தது, மவளே. எனக்கு இது வேண்டியிருக்கல. அவன் எங்கயோ தூங்கும்போது போயிட்டான்னு நெனச்சிருந்தேன்."

முராத் சஃப்தரின் படையில் இரண்டாமவன். இஷ்ரத்துக்கு அது தெரியும். படையின் பெயர் ஆளுக்கு உரியதல்ல, பொறுப்புக்கு உரியது. ஒருவன் விழுந்தால் அடுத்தவன் அதே பெயரில் பேசுவான். அதுவும் தெரியும். ஆண்டுக்கணக்காக அதை மற்றவர்களின் கேசட்டுகளில் அவளே கவனித்து ஓரத்தில் குறித்திருக்கிறாள். இந்த ஒன்றில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

மண்கரைக்கு வலப்புறம் வேறொரு தளபதி இருந்தார். அவர் பக்கத்துக் கேசட்டுகள் எந்தப் புத்தகத்துக்கும் தேவைப்படாமல் அலமாரியில் கிடந்தன. இஷ்ரத் அவற்றைக் கேட்கத் தொடங்கினாள். மூன்றாவதில் மாதுளை பேசியது. அதே காலை, பீரங்கிச் சூட்டுக்கு முன்னால்.

"இது முராத். மாதுளை இப்ப நான்தான்."

"சஃப்தர் எங்க?"

"அடிபட்டவனுங்களைக் கூட்டிட்டு நாணல் பக்கம் எறங்கினாரு. திரும்பல."

இம்முறை அவள் தாஹிராவிடம் எதுவும் சொல்லாமல் கருவியை நீட்டினாள். தாஹிரா கேட்டுவிட்டு எழுதிய தாளை இஷ்ரத்தின் தாளோடு ஒப்பிட்டார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

டாக்டர் மொக்தாரி இரண்டு தாள்களையும் படித்தார். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருந்தது.

"புத்தகத்தோட வாதம் மாறல, இஷ்ரத். பீரங்கி எதுக்காகச் சுட்டுதுங்கறதுதான் அத்தியாயம்."

"அந்தம்மாவுக்கு அத்தியாயம் வேண்டாம், டாக்டர். பேரு வேணும்."

"மாத்தினா உங்க அண்ணன் மறுபடி காணாமப் போனவரு. உங்க அண்ணி நிலைமையை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"அப்புறம்?"

"மாத்துங்க."

புத்தகம் வெளிவருவதற்கு முன் அவள் மஹீனின் வீட்டுக்குப் போனாள். மஹீன் தரையில் துணி விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிறு பெரிதாகியிருந்தது. கியூமர்ஸ் கடைக்குப் போயிருந்தான்.

"என்னடீ, மூஞ்சி செத்துப் போச்சு? அந்தக் குறட்டைக்காரத் தளபதி மறுபடி கேசட்டுல வந்துட்டானா?"

இஷ்ரத் சொன்னாள். மஹீனின் கை கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. நல்ல இலையும் பழுத்த இலையும் ஒரே பக்கமாக விழுந்தன.

"சொல்லாம இருந்திருக்கலாமே நீ."

"புத்தகத்துல வருது, அண்ணி. தெருவுல யாராவது சொல்லி நீங்க கேக்கக் கூடாது."

"அண்ணின்னு கூப்பிடாத." இன்னொரு கட்டைப் பிரித்தபடி, "எந்தப் பக்கம் எறங்கினாராம்?"

"நாணல் பக்கம்."

"அங்க தண்ணி இருக்குமே."

"இருக்கும்."

"அவருக்கு நீச்சல் தெரியாது," என்றாள் மஹீன். பிறகு, "ஆனா அந்தப் பக்கம்தானே எதிரி ஆளுங்களும் இருந்தாங்க? புடிச்சிட்டுப் போயிருந்தா?"

 மஹீன் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து கதவைத் திறந்து விட்டாள்.

"போ. இங்க இனிமே வராத. அவர் வந்தா அந்த வீட்டுல யாராவது இருக்கணும்."

இரண்டாம் பதிப்பில் முராத்தின் பெயர் இருக்கிறது. பீபி சதஃபுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறாள். மஹீனுக்குப் பெண் குழந்தை பிறந்ததை தாஹிராதான் வந்து சொன்னாள். இஷ்ரத் வேலையை விட்டுவிட்டாள். பகலில் வெளியே போக வேண்டிய வேலைகளைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி விடுகிறாள். யாராவது கதவைத் தட்டினால் தட்டியவர் இரண்டாம் முறை கையைத் தூக்குவதற்குள் திறந்துவிடுகிறாள்.