குடை நுனியால் தட்டுகிறவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயாவுக்கு எதையும் குடை நுனியால் தட்டிப் பார்க்கும் பழக்கம். மடிப்புக் கலையாத சட்டையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவர், சமைக்கிற குசினியின் மண்சுவரைத் தட்டினார். மண் உதிர்ந்தது.

“கொங்கிறீட் போட்டுக் கட்டுங்க. கறையான் அரிக்காது, மழைக்குக் கரையாது, பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்,” என்றார்.

“போன மாசம் கொங்கிறீட் தூண்தானே போட்டோம். தோட்டத்துக் காணியில நிரந்தரமா கட்டக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா ஆள விட்டு ஒடைச்சீங்க,” என்றாள் என் மனைவி.

சூடு சொரணை உள்ளவன் அங்கேயே தலைகுனிந்திருப்பான். இவரோ, “அது தோட்டத்துச் சட்டம். இது என்னோட அறிவுரை,” என்றார்.

உடைத்த தூணின் துண்டொன்றை வாசல் சேற்றில் படியாகப் போட்டிருந்தோம். சப்பாத்து அழுக்காகாமல் அதில் கால் வைத்து இறங்கியவர், திரும்பிக் குடையால் அதையும் தட்டினார்.

“பாத்தீங்களா, அசையவே இல்ல.”