நோன்புக்குள் வந்த சேவல்

தெஸ்ஸி ஊரின் மலைச்சரிவில் தெருனேஷ் வீட்டுச் சேவல் ஒரு காளையையே ஊரைவிட்டுத் துரத்தியது. சரி, காளை இல்லை, கன்றுக்குட்டி. அதுவும் தன்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது; சேவல் பின்னாலேயே கொஞ்சதூரம் போனது, அவ்வளவுதான். ஆனால் சேவலின் காலுக்குப் பின்னால் இருந்த முள்ளைப் பற்றிச் சொல்வதில் இம்மியும் கூடுதல் கிடையாது. சுண்டுவிரல் நீளம், நுனி ஊசி.

வாங்கிவந்தது அவள் கணவன் வொந்திமு. ஜிபுத்தி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். கிறிஸ்தவர்களின் பெரிய நோன்பு அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. நோன்பு முடிகிற பாஸ்கா என்கிற உயிர்ப்புப் பெருநாள் நெருங்கினால் சேவல் விலை கூரையில் ஏறிவிடும் என்று முன்கூட்டியே வாங்கிவிட்டான். கெட்டிக்காரத்தனம் என்று அவனுக்கு நினைப்பு. நோன்பில் கறி கிடையாது, முட்டை கிடையாது, பால்கூடக் கிடையாது. கையில் இருக்கிற சேவலை அறுக்கவும் வழியில்லை. பண்டிகைக்கு முதல்நாள் வீட்டு ஆண்தான் அறுக்க வேண்டும். பெண் கத்தியை எடுத்தால் அந்தக் குழம்பில் ஒருத்தர் கை வைக்கமாட்டார்கள். வொந்திமு சேவலை முற்றத்தில் விட்டான், அதன் கொண்டையைப் பெருமையாக ஒருமுறை பார்த்தான், லாரியேறிப் போய்விட்டான்.

அந்த முற்றம் நாலு வீட்டுக்குப் பொது. பகலெல்லாம் அதில் உருள்வது குழந்தைகள். தெருனேஷ் இஞ்செரா என்கிற, தோசை மாதிரியான அப்பம் சுட்டு விற்கிறவள். சந்தைக்குப் போகிற அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கை அடுப்பில் இருக்கும், காது முற்றத்தில் இருக்கும். எந்த அழுகை பசி, எந்த அழுகை பொறாமை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். மாலையில் பிள்ளையை வாங்கிப் போகிற தாய் அதன் உடம்பைத் தடவிப் பார்ப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படித் தடவுகிற கைக்கு இதுவரை ஒரு சிராய்ப்பும் அகப்பட்டதில்லை. அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

சேவல் முதலில் பெரியவர்களின் முழங்காலோடு நிறுத்திக்கொண்டது. தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் முதுகைக் காட்டியதும் பின்னால் வந்து ஒரு உதை. பிறகு தெருனேஷின் மகள் பிர்துகானின் கெண்டைக்காலில் ரத்தம் வந்தது. பிர்துகானுக்கு ஆறு வயது. அன்று சாயங்காலம் முற்றத்தின் எதிர்வீட்டு முஸ்லிம் பெண் தோய்பா, இப்போதுதான் நடைபழகிய தன் மகள் ஹயாத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்தக் காயத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, உன் பொண்ணுக்குக் கெண்டைக்கால் இருக்கிற உயரத்துலதான் என் பொண்ணு உக்காந்தா மூஞ்சி இருக்கு."

"தெரியுதுடி. கட்டிப் போட்டுடறேன்."

"கட்டிப் போட்டா கோவம் ஜாஸ்தியாகும். தள்ளிவிடு எங்கயாவது."

"எங்க தள்ள? விக்கலாம்னா வாங்கற வீட்டுலயும் புள்ளைங்க இருக்குமே."

ராத்திரி போனில் வொந்திமுவிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "ஏம்மா, மாமியாரைச் சமாளிச்சவ நீ. ஒரு சேவலுக்குப் பயப்படறியா?"

"உங்கம்மா கால்ல முள்ளு இல்லைங்க."

"பாஸ்காவுக்கு வந்து நானே அறுக்கறேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள். ஒரு முளை அடித்து, கால் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். தினமும் இரண்டு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தாள். அவள் பார்க்காமல் விட்டது மண்ணை. நோன்பு நாட்களில் வரும் சின்ன மழை அந்த வாரம் கொஞ்சம் தாராளமாகவே பெய்திருந்தது. முளை நின்ற இடம் உள்ளுக்குள் சேறாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, மாவைச் சட்டியில் சுற்றி ஊற்றி மூடியைப் போட்ட கையோடு, வெளியே சத்தம் நின்றுபோனது அவளுக்குக் கேட்டது. பிள்ளைகள் அழுதால் அவள் அசையமாட்டாள். சத்தமில்லை என்றால்தான் எழுந்திருப்பாள். இஞ்செராவை எடுக்கிற வைக்கோல் தட்டு கையிலேயே இருக்க, வாசலுக்கு வந்தாள்.

சேவல் முற்றத்தின் நடுவில் நின்றது. காலில் கயிறு, கயிற்றின் நுனியில் முளை. எதிரே பாயில் ஹயாத், பொத்திய கையில் வறுத்த வாற்கோதுமை. இரண்டு பேர் கண்ணும் ஒரே உயரம். மற்ற பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

தெருனேஷுக்கு ஓடத்தான் தோன்றியது. ஓடினால் பிள்ளைகளும் ஓடும். ஓடுகிற எதையும் அந்தச் சேவல் விட்டதில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். குரலைத் தாலாட்டு மாதிரி வைத்துக்கொண்டாள்.

"பிர்துகான், கண்ணு, சுவரைப் பிடிச்சிக்கிட்டே எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போ. ஓடக்கூடாது. சர்ச்சுக்குப் போற மாதிரி போகணும்."

"அப்ப ஹயாத்து, அம்மா?"

"அவள நான் பாத்துக்கறேன். நீ போ."

பிள்ளைகள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நகர்ந்தார்கள். சேவல் தலையைச் சாய்த்து ஒவ்வொருத்தரையும் பார்த்தது. கழுத்து மயிர் குடையாய் விரிந்தது. ஒரு இறக்கையைத் தரையில் தாழ்த்தி உரசிக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தது. அடிப்பதற்கு முன்னால் அது ஆடுகிற ஆட்டம் அது. தெருனேஷ் அதை நன்றாகவே படித்திருந்தாள்.

வைக்கோல் தட்டை முன்னால் பிடித்தபடி ஒரு அடி வைத்தாள். சேவல் அவள் பக்கம் திரும்பியது. இன்னொரு அடி. அடுப்பில் மாவு தீய்கிற வாசனை வந்தது. வரட்டும் என்று விட்டாள். பாய்க்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம்தான் இருந்தது.

அப்போதுதான் ஹயாத் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று, கையை விரித்துச் சேவலிடம் வாற்கோதுமையை நீட்டினாள்.

சேவல் எழும்பியது. இரண்டு காலும் முன்னால். தட்டை எறிந்துவிட்டுத் தெருனேஷ் தோளில் கிடந்த பருத்தித் துணியை உருவி வீசினாள். மீன்வலைபோல் விரிந்த துணி, பறந்துகொண்டிருந்த சேவலை அந்தரத்திலேயே சுருட்டி மடக்கியது. ஒரே ஒரு முள்நுனி மட்டும் தப்பி, ஹயாத்தின் புருவத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்துவிட்டது. துணி மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள், இன்னொரு கையால் குழந்தையை அள்ளினாள்.

மாலையில் தோய்பா வந்தாள். எப்போதும்போல மகளைத் தடவினாள். விரல் புருவத்தில் நின்றது. கோட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் அந்தப் புருவம் ஒன்றுதான் இருந்தது. மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைலருந்து இவளை எங்கம்மா வீட்டுல விட்டுடறேன்க்கா."

தெருனேஷ் எழுந்தாள். உள்ளே போய், கால் கட்டிய சேவலைத் தலைகீழாகத் தூக்கிவந்து தோய்பாவின் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போ. நோன்பு எங்களுக்குத்தான், உங்க வீட்டுல இல்லையே. உன் புருஷன் ஸெயீத் வந்ததும் அறுக்கச் சொல்லு. இன்னிக்கே, நான் பாக்க அறுக்கணும்."

"முஸ்லிம் அறுத்த கறியை உங்க வீட்டுல யாரும் தொடமாட்டீங்களே."

"தொடமாட்டோம்."

"அப்ப பாஸ்காவுக்கு?"

"பருப்புக் குழம்பு."

"அண்ணன் அறுக்கணும்னு ஆசையா வருவாரே."

"வந்து பருப்பை அறுக்கட்டும்."

தோய்பா சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஸெயீத் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கிணற்றடியில் அறுத்தான். நோன்பிருந்த மூன்று வீடும் அன்று ராத்திரி மிளகாயும் வெங்காயமும் கோழியும் சேர்ந்து கொதிக்கிற வாசனையை மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்தன. மறுநாள் விடிந்தும் விடியாததுமாகத் தோய்பா கதவைத் தட்டி, ஹயாத்தைப் பாயில் உட்காரவைத்துவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

நான் இந்தக் கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் நான் சொல்லச் சொல்ல என் பக்கத்தில் உட்கார்ந்து காபிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த தெருனேஷ், துணி மீன்வலைபோல் விரிந்தது என்று நான் சொன்ன இடத்திலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவள், என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, எல்லாம் சரி. துணி சேவல் மேல விழல. நான் எறிஞ்சது அதும் மேலதான், போய் விழுந்தது புள்ள தலையில. மூஞ்சி முழுக்க மூடிடுச்சு. சேவல் துணியோட சேத்துத்தான் அடிச்சது. கண்ணு இருந்த எடத்துல துணி கிழிஞ்சு கெடக்கு, வேணும்னா எடுத்துக் காட்டறேன். நான் புள்ள மேல குப்புற விழுந்தேன். அது என் முதுகுல ஏறி நின்னுக்கிட்டு, ஜெயிச்சுட்டோம்னு கூவிச்சு. கூவறப்பதான் காலைப் பிடிச்சேன்."