செகண்ட் கோட்டின் சாம்பல் டி-சர்ட்

கார் பட்டறையில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. 'செகண்ட் கோட்' என்று கேட்க வேண்டும். பெயிண்ட் அடித்த வண்டி பளபளவென்று நிற்கும். சொந்தக்காரர் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பார். இவர் மட்டும் கண்ணைச் சுருக்கியபடி வண்டியை ஒரு சுற்று வந்து, "இன்னொரு கோட் அடிக்கணும்" என்பார். அடித்தும் விடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அதனாலெல்லாம் செகண்ட் கோட் மனம் தளர்ந்ததாகத் தகவல் இல்லை. பெயிண்ட் ஒரு இடத்தில் வடிந்து காய்ந்திருந்தால், வீட்டுக்குள் பாம்பைக் கண்டவர் போல் ஆகிவிடுவார்.

அறுபதைத் தாண்டியதும் அவருக்கு மறதி வந்தது. அதுவும் அரைகுறையாக வரவில்லை. அவருடைய வேலையைப் போலவே ஒரு கோட் அடித்து, காயவிட்டு, அதன்மேல் இன்னொரு கோட் அடித்தது. முதலில் சாவி வைத்த இடம் போயிற்று. பிறகு தெரு. கடைசியாக மனைவி. அவளை வண்டி விட்டுப்போன வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு, "சாயங்காலம் ரெடியாயிடும்மா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். பட்டறைக்குத்தான். பட்டறை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததை அவர் ஒரு தடையாகவே கருதவில்லை.

அவளோ ஒரு சலவைக் கடையில் மதியம்வரை இஸ்திரி போடுகிறவள். அவள் போனால்தான் அடுப்பு எரியும். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னான் அவள் தம்பி.

"அவரு என்ன திருடனாடா, உள்ள வச்சுப் பூட்ட?"

"இன்னொரு தடவ மாமா தொலைஞ்சாருன்னா உங்கிட்ட கேக்க மாட்டேன்க்கா. நானே வந்து மாட்டிடுவேன்."

அவளுக்கு ஒரு வாய்ப்புதான் மீதி இருந்தது. ஏற்கெனவே போன் நம்பர் பொறித்த வளையத்தைக் கையில் மாட்டிப் பார்த்திருந்தாள். குறடால் வெட்டிப் போட்டார். சட்டைப் பையில் சீட்டு வைத்தாள். அது குப்பை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சட்டையில் பேனாவால் எழுதினாள். இரண்டு சலவையில் போயிற்று. எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்று சலவைக் கடையில் இருப்பவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெயிண்ட் போகாது. சாம்பல் நிறத்தில் வெறும் டி-சர்ட் ஒன்றும், கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா ஒன்றும் வாங்கிவந்தாள்.

எண்களை வெட்ட அட்டை வேண்டுமே. அவருடைய தலையை ஸ்கேன் எடுத்த படம் பீரோவின் மேல் கிடந்தது. கெட்டியான பிலிம். மூளை சுருங்கிவிட்டது என்று டாக்டர் அதைக் காட்டித்தான் சொன்னார். அந்தப் படத்தால் குடும்பத்துக்கு முதன்முதலாக ஒரு உபயோகம் ஏற்பட்டது. பிளேடால் தன் போன் நம்பரை அதில் வெட்டினாள். பூஜ்ஜியத்தின் வயிறு கழன்று விழுந்தபோது டேப் போட்டு ஒட்டினாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் பால்கனியில் செய்தித்தாளை விரித்து, பெயிண்ட் மார்புப் பக்கம் ஊறாமல் இருக்கச் சட்டைக்குள் இன்னொரு செய்தித்தாளை மடித்துச் செருகி, முதுகின்மேல் பிலிமை வைத்து அடித்தாள். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டிய டப்பாவை நாலு விரல் தூரத்தில் பிடித்தாள். பெயிண்ட் வடிந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் தாடி முளைத்தது. இருந்தாலும் எட்டு எட்டாகவும் மூன்று மூன்றாகவும் தெரிந்தன. பக்கத்து வீட்டு அக்காவிடம் விவரம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அக்காவுக்கு மூட்டுவலி. காவலெல்லாம் ஜன்னல்வரைதான்.

செகண்ட் கோட் எழுந்து பால்கனிக்கு வந்தார். சட்டையைப் பார்த்தார். ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"யாருடா அடிச்சது இத?"

பால்கனிக் கம்பி பதில் சொல்லவில்லை. கட்டிலடியிலிருந்து உப்புத்தாளை எடுத்துவந்து தாடிகளைத் தேய்த்தார். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலமாக, நிறுத்தாமல், முதுகு முழுக்க ஒரே கறுப்பாக அடித்தார். காயவிட்டார். சொல்லவே வேண்டாம், இன்னொரு கோட். அதில் ஒரு குறை சொல்ல எவராலும் முடியாது. போன் நம்பர் இருந்த சுவடே இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

சாம்பல் நிற மார்பை ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா உடனே போன் செய்தாள். "புதுச் சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரும்மா."

"முதுகுல நம்பர் இருக்குக்கா. யாராவது கூப்பிடுவாங்க."

போனை இஸ்திரி மேசைமேல் கண்ணுக்கெதிரே வைத்துக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் ஒரு சட்டையையும் தீய்க்கவில்லை. டீயைச் சூடாகக் குடித்தாள். போன் ஒரு தடவை அடித்தது. வீட்டுமனை வேண்டுமா என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பால்கனியைப் பார்த்தாள். காலி டப்பா. செய்தித்தாளெல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு முதுகு அகலத்துக்கு மட்டும் செய்தி படிக்க முடிந்தது. அவள் படிக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மறுநாள் காலையில் கிடைத்தார், பஸ் டிப்போவில். பஸ்ஸின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்க வெட்டியிருக்கும் பள்ளத்தில், இரவு முழுக்க எண்ணெய்ச் சேற்றில், வலது கை முறிந்து கிடந்தார்.

"சாயங்காலமே பாத்தேம்மா," என்றார் காவலாளி. "ஆளு டிப்டாப்பா இருந்தாரு. ஒவ்வொரு பஸ்ஸா தடவிப் பாத்து, சரியில்ல, சரியில்லன்னாரு. ஆபீசர்னு நெனச்சு சல்யூட் வச்சேன்."

தாடி வைத்த எண்களோடு போயிருந்தால், தொலைந்துபோன ஆள் என்று அந்தக் காவலாளிக்கே தெரிந்திருக்கும். வேலை சுத்தமாக இருந்ததால் வந்த வினை.

தம்பி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கதவில் ஓட்டை போட்டு வெளித்தாழ்ப்பாளை மாட்டினான். அவள் தடுக்கவில்லை.

முதல் நாள் பூட்டிவிட்டுப் போனாள். அவர் முறியாத கையால் கதவை அடித்தார். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். ஓடிவந்து திறந்தால் விரல் முட்டியெல்லாம் ரத்தம். கதவிலும் ரத்தம். மறுநாளும் அப்படியே. இப்படியே போனால் வேலையை விட்டுவிடு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதற்கும் அடுத்த நாள், பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே விழும் அடியைக் கேட்டுக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, சொன்னாள்.

"தொடாதீங்க. பெயிண்ட் ஈரமா இருக்கு."

அடி நின்றது.

"எப்ப அடிச்சது?"

"இப்பதான்."

"ஃபர்ஸ்ட் கோட்டா?"

"இல்லைங்க. செகண்ட் கோட்."

உள்ளே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "காயட்டும்மா. அவசரப்பட்டா வேலை கெட்டுடும்."

அன்றிலிருந்து தாழ்ப்பாளுக்கு வேலை இல்லை. அது மாட்டிய மேனிக்குத் துருப்பிடிக்கிறது. கதவு மட்டும் தினமும் காலையில் ஈரமாகிவிடுகிறது. செகண்ட் கோட் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் எதிரே உட்கார்ந்து, அது காயக் காத்திருக்கிறார். மதியம் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்கிறார், பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று.