ஏ/பி-யோடு வெட்டிய பெயர்

“அக்கா, ஒரே ஆளு ரெண்டு தடவ வருது. ஒண்ண நான் அழிச்சிட்டேன்” என்று வேன் ஓட்டுநர் காலையில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். மலேசியாவில், கிள்ளான் பக்கம் டயலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் எங்கள் ஆபீஸ் வேன்களுக்காக நாங்களே செய்த செயலி அது. வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் நோயாளியின் பெயரோடு ஒரு வெள்ளைப் பெட்டி எழும்பும். ஒரே அடுக்குமாடியில் இரண்டு புள்ளிகள், இரண்டிலும் ஒரே பெயர்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் மதியம்வரை அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். முந்தைய புள்ளியின் பெட்டியே அடுத்ததற்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். இந்த வேலையில் அது வழக்கமான சனியன். ஒவ்வொரு முறையும் பழைய பெயரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பவைத்தேன். அப்போதும் அதே பெயர். கடைசியில் நோயாளிகள் பதிவைத் திறந்தேன். இரண்டு பெண்கள். பெயர் ஒன்று, அப்பாக்கள் வேறு.

சீ! அப்பாக்களை வெட்டியவளே நான்தான். அடையாள அட்டையில் நம் பெண்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/பி’ வரும், இன்னார் மகள் என்று. அவ்வளவும் பெட்டிக்குள் அடங்கவில்லை. மேனேஜர், அவரும் தமிழர்தான், “நம்ம பேரெல்லாம் ஏன் இப்படி நீளம் லா? ஏ/பி-யோட கட் பண்ணிடு” என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வெட்டினேன். பெட்டி அழகாக இருக்கிறது என்று பெருமை வேறு.

மேனேஜரிடம் விஷயத்தைப் போய்ச் சொன்னதும், வாயில் வடையோடு, “நாளைக்கு வேன் அனுப்பிக்கலாம் லா, ரிலேக்ஸ்” என்றார். நாளைக்காம்! உடம்பெல்லாம் நீர் கோத்துக் கிடக்கும் மனுஷிக்கு நாளைக்காம்! அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் லட்சணம் மட்டும் என்ன வாழ்ந்தது!

விடுபட்டவருக்கு நானே போன் செய்தேன். மூச்சு வாங்கப் பேசினார்.

“ஏழு மணியிலேருந்து கீழதான்மா உக்காந்திருக்கேன். ரெண்டு தடவ உங்க ஆபீசுக்கு அடிச்சேன். ‘ஆன்டி, நீங்க வேன்ல ஏறியாச்சே’ங்கிறாங்க.”

“தப்பு என்னோடதுதான் ஆன்டி. நானே கார் எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“சரிமா, நான் மேல போய் படுக்கிறேன். கீழ செக்யூரிட்டிகிட்ட எங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லிக் கேளு. இல்லாட்டி என் பேருலயே இருக்கிற அந்தக்கா வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”